படிக்கிறாளா, ஒப்பிக்கிறாளா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கற்றலை எப்படி அளப்பது என்று ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிய கேள்விகளில் சில இந்த இதழில்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழ்ப் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கிறாள். கடைப் பலகையைக் காட்டினால் விழிக்கிறாள். பள்ளியில் கேட்டால் 'மொட்டு' என்கிறார்கள். இது நல்லதா, கெட்டதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?
– ஒரு தாய், பாம்பன்

முதலில் மொட்டு. அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் திட்டம் விரிந்தது. மூன்றாம் வகுப்பில் அரும்பு என்றால் பிள்ளை இன்னும் முதல் வகுப்புத் திறனில் நிற்கிறது. மொட்டு இரண்டாம் வகுப்புத் திறன். மலர் தன் வகுப்புக்கு உரியது. பாடத்துக்குப் பாடம் இது மாறும்; தமிழில் மொட்டாக இருப்பவள் கணக்கில் மலராக இருக்கலாம். எந்தப் பாடத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருவத் தொடக்கத்தில் மொட்டு என்றால் கவலை வேண்டாம். பருவம் முடிந்தும் அங்கேயே நின்றால் ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

இனி மடமட வாசிப்பு. வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்ட பாடம் காதில் பதிந்துவிடும். கண் புத்தகத்தில் இருக்கும், வாய் மனப்பாடத்தைச் சொல்லும். பாடத்தின் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள். அங்கே திணறினால் அது வாசிப்பு இல்லை, ஒப்பிப்பு.

அடுத்து ஐந்து நிமிடச் சோதனை. நான்கு துண்டுத் தாள்களில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் தாளில் பத்து எழுத்து: க, ண, ன, ற, ர, ழ, ந, த, ள, ம. இரண்டாவதில் பத்துச் சொல்: படகு, வலை, மீன், நண்டு, சங்கு, கொக்கு, பனை, கேணி, தோணி, நுங்கு. மூன்றாவதில் பொருளே இல்லாத ஐந்து சொல்: தெபு, மிலூ, கொணை, பேசாடு, நூவி. நான்காவதில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பத்தி. இதையே வைத்துக்கொள்ளலாம்:

"விடியும்போதே நல்ல மழை. அப்பா கடலுக்குப் போகவில்லை. கிழிந்த வலையைத் திண்ணையில் விரித்துத் தைத்தார். தங்கை நூலை எடுத்துக் கொடுத்தாள்."

பத்தியில் தொடங்குங்கள். அதை வாசித்துவிட்டால் பொருளில்லாச் சொற்களை மட்டும் காட்டிப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள், அதுவும் முடியாவிட்டால் எழுத்துக்கு. கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை 2005 முதல் வீடு வீடாகப் போய் அளக்கும் அசர் கணக்கெடுப்பும் பத்தியில்தான் தொடங்குகிறது. அங்கே பத்தியில் மூன்று பிழைக்கு மேல் போனால் சொல்லுக்கு இறங்குவார்கள். ஐந்து சொல்லில் நான்கு சரியென்றால் சொல் நிலை, ஐந்து எழுத்தில் நான்கு சரியென்றால் எழுத்து நிலை. உங்களுக்கும் அந்த அளவு போதும்.

எத்தனை பிழை என்பதைவிட எப்படிப்பட்ட பிழை என்பதுதான் உங்களுக்கு வேலை கொடுக்கும். "கொக்கு" என்பதைக் "கெக்கு" என்றால் ஒற்றைக்கொம்பு கண்ணில் படுகிறது, பின்னால் வரும் துணைக்கால் படவில்லை. கெ-கே-கொ-கோ நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழக்க வேண்டும். "தோணி"யைத் "தொணி" என்றால் குறில் நெடில் பிரியவில்லை. "நண்டு" என்பதை "நணடு" என்று இழுத்தால் புள்ளியைத் தாண்டிப் போகிறாள். "நுங்கு"வில் நிற்பவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் உகர வரிசையில் கு, சு, து என்று வடிவம் மாறிக்கொண்டே போகும். அகர வரிசை தெரிந்த பிள்ளை இகரத்தைத் தானே ஊகிக்கும், உகரத்தை ஊகிக்க முடியாது. அதைத் தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். "படகு" என்று எழுதியிருக்க அவள் "கப்பல்" என்றால் எழுத்தையே பார்க்கவில்லை, குத்துமதிப்பாகச் சொல்கிறாள். பொருளில்லாச் சொற்கள் இதற்காகத்தான்: ஊகிக்க அங்கே எதுவும் கிடையாது. சரளமாகப் பாடம் வாசிக்கும் பிள்ளை "கொணை"யில் நின்றுவிட்டால் விஷயம் அங்கே இருக்கிறது. இன்னொரு வகை உண்டு. கா, லை என்று எழுத்தெழுத்தாகச் சரியாகச் சொல்லும், சேர்த்துக் காலை என்று ஒரு சொல்லாகச் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சி இனித் தேவையில்லை, இரண்டெழுத்துச் சொற்களைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம்தான் தேவை.

வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி. நூலை எடுத்துக் கொடுத்தது யார்? இது பத்தியிலேயே இருக்கிறது. அப்பா ஏன் கடலுக்குப் போகவில்லை? இதற்கு மழையையும் கடலையும் அவளே முடிச்சுப் போட வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லையென்றால் வாசிப்பில் குறையில்லை, படிக்கும்போது யோசிக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

சோதிக்கும்போது நீங்கள் செய்யக் கூடாதவை: முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது, "தப்பு" என்று அதட்டுவது, அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். மாதம் ஒரு தடவை போதும். தினமும் சோதித்தால் இந்தப் பத்தியும் மனப்பாடமாகிவிடும்.

ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பும் சேர்த்து 36 பிள்ளைகள். மதிப்பீடு, பதிவேடு, செயலியில் ஏற்றுவது என்று பாதி நேரம் போய்விடுகிறது. பாடம் நடத்துவதா, அளந்துகொண்டே இருப்பதா?
– ஓர் ஆசிரியை, மூக்கையூர் பக்கம்

நியாயமான எரிச்சல். செயலியில் கேட்பதை ஏற்றித்தான் ஆக வேண்டும், அதில் எங்களால் உதவ முடியாது. ஆனால் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் குறிப்பைச் சிறிதாக்க முடியும்.

36 பேரையும் ஒரே நாளில் பார்க்கவே பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். மற்றவர்கள் எழுத்து வேலையில் இருக்கும்போது ஒவ்வொருவராக உங்கள் மேசைக்கு வரட்டும். ஒன்பது வேலை நாளில் சுற்று முடிந்துவிடும். நடுவில் விடுப்பு, கூட்டம், மழை என்று போனாலும் மாதத்தில் ஒரு முழுச் சுற்று நிச்சயம். பட்டியலை அகர வரிசைப்படி போடாமல் தடுமாறுகிற பிள்ளைகளை முதல் மூன்று நாளில் வையுங்கள். அவர்களை மட்டும் சுற்று முடிவதற்குள் இன்னொரு தடவை பார்க்க நேரம் கிடைக்கும்.

பதிவுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப் பக்கம் பெயர்கள், மேலே திறன்கள். திறனை "தமிழ் வாசித்தல்" என்று அகலமாக எழுதினால் பயனில்லை. "கொம்பும் காலும் வரும் எழுத்து", "இரண்டு இலக்கக் கழித்தல், கடன் வாங்கி" என்று ஒரு வாரத்தில் கற்பிக்கக் கூடிய அளவுக்குச் சின்னதாக எழுதுங்கள். கட்டத்துக்குள் மூன்றே குறி: தானாகச் செய்தால் முழு வட்டம், உதவியோடு செய்தால் பாதி வட்டம், இன்னும் வரவில்லையென்றால் வெறும் புள்ளி. பக்கத்தில் தேதி. மதிப்பெண் வேண்டாம். ஐந்துக்கு மூன்று என்று எழுதிவைத்தால் ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு எங்கே போனது என்று உங்களுக்கே நினைவிருக்காது.

வட்டம் போடுவதில் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒருநாள் சரியாகச் செய்ததும் முழு வட்டம் போட்டுவிடக் கூடாது. அன்று போட வேண்டியது பாதி வட்டம்தான். வேறொரு நாள், வேறொரு கணக்கிலும் செய்தால்தான் நிரப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவனின் பலகையைப் பார்த்து எழுதுவது இந்த வயதில் திருட்டுத்தனம் இல்லை, பழக்கம். அதனால் ஒரே பெஞ்சில் இருப்பவர்களுக்கு எண்களை மாற்றிக் கொடுங்கள்.

நோட்டை மேலிருந்து கீழாகவும் பாருங்கள். ஒரு திறனில் பாதிக்கு மேல் புள்ளியாக இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்தப் பாடத்தை வேறு மாதிரி மறுபடி நடத்த வேண்டும். நான்கைந்து புள்ளி என்றால் அந்த நான்கைந்து பேரைச் சேர்த்துப் பத்து நிமிடம் தனியாக. ஒரே ஒரு புள்ளி என்றால் பக்கத்தில் உட்காரும் கெட்டிக்காரப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

எங்கள் காலத்தில் ரேங்க் கார்டு வரும், பெயிலானால் அதே வகுப்பு. இப்போது எல்லோரும் பாஸ். அப்படியானால் பேரன் படிக்கிறானா என்று எப்படித் தெரியும்?
– ஒரு தாத்தா, கீழக்கரை

எல்லோரும் பாஸ் என்பதற்கும் மதிப்பீடே இல்லை என்பதற்கும் சம்பந்தமில்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைக்கக் கூடாது என்றது, அதே சட்டம் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. 2019 திருத்தத்தில் 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. இங்கே 2012-13 முதல் முப்பருவ முறையோடு வந்த ஏற்பாட்டில் பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60.

பெயிலாக்கியதால் யாரும் கழித்தல் கற்றுக்கொண்டதில்லை, ஐயா. அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருஷம் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: பெயில் போன பிறகு வீட்டுக்கு வரும் தகவலும் குறைந்துவிட்டது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நீங்களோ பேரனின் அம்மாவோ போனால், எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். போன பருவத்தில் தெரியாமல் இருந்து இப்போது தெரிந்தது எது? இப்போது எந்த இடத்தில் நிற்கிறான்? அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பயிற்சி நூலையும் கையோடு கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் டிக் இருந்தால் மட்டும் போதாது. பிழையான விடைக்குப் பக்கத்தில் பிள்ளை திருத்தி எழுதியது இருக்கிறதா என்று பாருங்கள்.

என் மகள் நாலாவது. மீனுக்குக் காசு வாங்கி மிச்சம் கொடுப்பதில் ஒரு ரூபாய் தவறாது. பரீட்சையில் கழித்தல் கணக்கு எல்லாம் தப்பு. சோம்பேறித்தனம் என்று டீச்சர் சொல்கிறார்.
– ஒரு மீனவர், தங்கச்சிமடம்

சோம்பேறித்தனமாகத் தெரியவில்லை. 52 ரூபாய் கையில் இருந்து 27 கொடுக்க வேண்டுமென்றால் அவள் தாளில் செய்வதுபோலக் கழிப்பதே இல்லை. 27-லிருந்து 30-க்கு மூன்று, 30-லிருந்து 50-க்கு இருபது, மேலே இரண்டு, ஆக 25 என்று ஏறிப்போகிறாள். அருமையான முறை. தாளில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும் 52 என்பது ஐம்பத்திரண்டாக இல்லாமல் ஐந்து என்றும் இரண்டு என்றும் தனித்தனியாகப் போய்விடுகிறது.

எங்கே உடைகிறது என்று பார்க்க நான்கு கணக்கு போதும். 48−23, 52−27, 60−24, 305−128. நான்கையும் எழுதச் சொல்லுங்கள், பிறகு விடையைப் பாருங்கள். முதலாவதில் 25 சரியாக வந்து, இரண்டாவதில் 35 வந்தால் மேலே இருக்கும் 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டாள்; எது பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று விதியாக்கிக்கொண்டிருக்கிறாள். 60−24-க்கு 44 வந்தாலும் அதே நோய்தான். 36 சரியாக வந்து 305−128-க்கு மட்டும் 187 வந்தால் கடன் வாங்கத் தெரியும், நடுவில் இருக்கும் பூஜ்யத்தைக் கடக்கத்தான் தெரியவில்லை: நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு அங்கே ஒன்பதுதான் மிச்சம் என்பதை மறந்து பத்தாகவே வைத்துக்கொண்டாள். சரியான விடை 177. பின் மூன்றும் தப்பு என்பதும் கடைசி ஒன்று மட்டும் தப்பு என்பதும் தேர்வுத் தாளில் வெறும் எண்ணிக்கை வித்தியாசம். மருந்து முற்றிலும் வேறு.

மருந்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டுங்கள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் 52. அதிலிருந்து 27 கொடு என்றால் உதிரி பத்தாது, ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்ததும் தாளில் 5-ஐ அடித்து 4 என்று எழுதச் சொல்லுங்கள். குச்சியும் எழுத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். குச்சியில் ஒரு நாள், தாளில் ஒரு நாள் என்று பிரித்துச் செய்தால் இரண்டும் சேராது.

இன்னொன்றையும் பாருங்கள். எண்ணைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: நூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொள்ளாயிரத்து மூன்று. 1005 என்று எழுதினால் காதில் கேட்டதை அப்படியே எழுதுகிறாள், இடமதிப்பு வரவில்லை. தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் சறுக்குவது தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழக்கம். ஒன்று நூறு என்று ஒலித்தாலும் 90தான், மற்றது ஆயிரம் என்று ஒலித்தாலும் 900தான். எண்ணே தப்பாக இறங்கினால் கழித்தல் எப்படிச் சரியாக வரும்?

டீச்சரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: தாளில் தப்பாக எழுதிய கணக்கை வாயால் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். வாய்வழி விடையும் மதிப்பீடுதான்.

பனை சீசன் தொடங்கினால் சில பிள்ளைகள் பெற்றோரோடு வெளியூர் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். வந்ததும் நடக்கும் பாடத்தில் தேர்வு வைத்தால் பூஜ்யம். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியர், சாயல்குடி

வந்த வாரத்தில் தேர்வு வைக்காதீர்கள். நடத்தாத பாடத்துக்குத் தேர்வு வைத்தால் பிள்ளை இல்லாத நாள்களைத்தான் அளப்பீர்கள், அது வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

முதல் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து பழகட்டும். மூன்றாம் நாள் பதினைந்து நிமிடம், போவதற்கு முன் உங்கள் குறிப்பில் முழு வட்டம் இருந்த திறன்களில் கடைசி மூன்றை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றோ இரண்டோ தேய்ந்திருக்கும். தேய்ந்தது புதிதாகக் கற்பதைவிடச் சீக்கிரம் திரும்பிவிடும், ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். விடுபட்ட பாடங்களை எல்லாம் நடத்த முயல வேண்டாம். அடுத்த பாடத்துக்குப் படிக்கட்டாக இருப்பதை மட்டும் எடுங்கள். பெருக்கல் வாய்ப்பாடு விடுபட்டால் வகுத்தல் நடக்காது. தேசியச் சின்னங்கள் பாடம் விடுபட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

போகும்போது கையோடு ஒரு பக்கம் கொடுத்தனுப்புங்கள்: பிள்ளையின் பெயர், எமிஸ் எண் (கல்வித் துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்), தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, அடுத்துச் சொல்லித்தர வேண்டியது எது. ஐந்து வரி. அங்கே பக்கத்தில் ஒரு பள்ளி சேர்த்துக்கொண்டால் அந்த ஆசிரியர் ஒரு வாரத்தை ஊகத்தில் வீணாக்க மாட்டார்.

இரண்டாம் வகுப்புக்கு எளிய கணக்குத் தேர்வு வைத்தேன். பாதிப் பேர் வெறும் தாளைக் கொடுத்தார்கள். ஒரு கேள்வி இது: "ஒரு கூடையில் இருந்த 24 நண்டுகளில் 9 நண்டுகளை விற்ற பிறகு கூடையில் மீதமுள்ள நண்டுகளின் எண்ணிக்கையைக் கண்டறிக."
– ஒரு பயிற்சி ஆசிரியை, தொண்டி

இது தமிழ்த் தேர்வாகிவிட்டது. வாசிக்கத் திணறும் பிள்ளை கணக்குக்கே வந்து சேராது. "கூடையில் 24 நண்டு. 9 விற்றாச்சு. மீதி எத்தனை?" என்று கேளுங்கள், நீங்களே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் தாள் வெறுமையாக இருந்தால் மட்டும் 24−9 என்று பலகையில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். அதில் விடை வந்தால் கணக்கு தெரியும், கேள்வியிலிருந்து கணக்கை எடுக்கத் தெரியவில்லை. அதிலும் வராவிட்டால் 14−9, பிறகு 9−4 என்று இறங்குங்கள்.

இரண்டாம் வகுப்புக்கு ஒரு தாளில் ஐந்து கேள்வி போதும். முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். அதில் பென்சில் ஓடத் தொடங்கினால் மற்றதையும் முயன்று பார்ப்பார்கள். ஒரு கேள்வியில் ஒரு திறன். பலகையைப் பார்த்து எழுதும் தேர்வானால் கடைசி பெஞ்சில் நீங்களே ஒருமுறை உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வெறும் தாள் கொடுக்கும் பிள்ளையின் கண்ணையும் காதையும், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தனியாகச் சொல்லிப் பார்க்க வையுங்கள்.